டிசைன் விருதுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணி வடிவமைப்பிலும் உள் அலங்காரத்திலும் நல்ல வேலைகள் முதல் சுற்றிலேயே வெளியேறுவதற்குப் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். நடுவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்குள் முடிவு ஆகிவிடுகிறது.

நெசவுத் துணிக்கு நேர் எதிரே விளக்கு வைக்காதீர்கள். இழைகளின் நிழல் மறைந்து, நெசவிலேயே பூவேலை செய்த ஜக்கார்டு துணிகூட அச்சடித்த காகிதம்போலத் தட்டையாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில், ஒளி துணியை உரசிச் செல்லும்படி தாழ்வாக வைத்தால் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) தனித்தனியே எழுந்து தெரியும். துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றினால், இழைகளின் நெருக்கமும் கேமரா சென்சார் புள்ளிகளின் நெருக்கமும் மோதுகின்றன. அங்கேயே கேமராவைச் சற்று முன்பின் நகர்த்துங்கள், அல்லது கோணத்தை மாற்றுங்கள். பிறகு கணினியில் நீக்குவது பெரும்பாடு. ரிப்பீட்டின் (திரும்பத் திரும்ப வரும் வடிவத்தின் ஒரு அலகு) நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பிடாததும் பெரிய குறை: அந்தப் பூ உள்ளங்கை அளவா, நாற்காலி முதுகளவா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அறையைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டு மிக அகலமான லென்ஸைப் போட்டால் ஓரத்து நாற்காலிகள் இழுபட்டு நிற்கும். அளவு தெரிந்த கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

விளக்கக் குறிப்பில் 'நீடித்து உழைக்கும்' என்பது வெற்றுச் சொல். மார்ட்டிண்டேல் உராய்வுச் சோதனையில் எத்தனை சுற்று தாங்கியது, வெயிலில் நிறம் மங்காமைக்கு 1 முதல் 8 வரையுள்ள நீலக் கம்பளி அளவுகோலில் எந்த எண் என்று எழுதுங்கள். சோதிக்கவில்லையென்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

பணம் கொடுத்து எடுத்த படம் என்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. பல நாடுகளில் பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும். போட்டி, இதழ், இணையதளம் மூன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டுக்காரரின் சம்மதமும் தனியாக வேண்டும். நெய்தவர், தச்சர் பெயர்களை விட்டுவிடுவது அநியாயம். பின்னாளில் உரிமைச் சண்டைக்கும் அதுவே வித்தாகும்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, டிசைனைப் பதிவு செய்யும் முன் வெளியிடுவது. பதிவுக்குப் புதுமை அவசியம், அதாவது டிசைன் அதற்கு முன் வெளிவந்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வடிவமைப்பாளரே வெளியிட்டிருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. சில நாடுகளில் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே முதலில் பதிவு விண்ணப்பம், பிறகு போட்டி.

பெயரை மறைத்து மதிப்பிடும் போட்டிகளில் படத்தின் மூலையில் உள்ள லோகோ, கோப்பின் பெயர் இரண்டும் உங்களைக் காட்டிக்கொடுக்கும். பிடிஎஃப் கோப்பின் விவரப் பகுதியில் 'ஆசிரியர்' என்ற இடத்திலும் பெயர் தானாகப் பதிந்திருக்கலாம். அனுப்பும் முன் திறந்து பார்த்து அழித்துவிடுங்கள்.