கார் மீட்டர்ல க்ளோ ஃபேஸ் போடுறது: லைட் ஈஸி, முள்ளுதான் வேலை

நைட்ல மீட்டர் முழுக்க நீலமாவோ பச்சையாவோ ஒரே சீரா எரியுற அந்த லுக்குக்கு ஆசைப்பட்டு க்ளோ ஃபேஸ் கிட், அதாவது மீட்டரோட நம்பர் முகத்து மேல ஒட்டுற புது ஷீட், வாங்குறவங்க நிறைய பேர் ஒயரிங்க நினைச்சுத்தான் பயப்படுறாங்க. ஒயரிங் ஒண்ணுமே இல்லங்க, ரெண்டு மூணு ஒயரு. பயப்பட வேண்டியது முள்ளுக்கு. முள்ள எடுத்து திரும்ப அதே இடத்துல மாட்டத் தெரிஞ்சா அரை நாள்ல முடிஞ்சிரும், தெரியலன்னா அந்த கார் இருக்கிற வரைக்கும் தப்பு ஸ்பீடு பாத்துட்டே ஓட்ட வேண்டியதுதான்.

முதல்ல கையில இருக்கிற கிட் எதுன்னு பாருங்க. ஒரு டைப் வெறும் பிரிண்ட் அடிச்ச ஷீட், வெளிச்சம் பழைய பல்புல இருந்தேதான் பின்னாடி இருந்து வரும். இன்னொரு டைப் ஈ.எல். ஷீட், அதாவது கரண்ட் குடுத்தா ஷீட்டே ஒளிரும், அதுலயே ஒரு ஒல்லியான பட்டை வால் மாதிரி தொங்கும், கூடவே சின்ன டப்பா ஒண்ணு குடுப்பாங்க, அதான் இன்வெர்ட்டர். ரெண்டு கண்டக்டர் லேயருக்கு நடுவுல பாஸ்பர் பவுடர் தடவின ஷீட் அது, 12 வோல்ட் டிசி நேரா குடுத்தா எரியாது, சுமார் 100 வோல்ட் ஏசி வேணும், அத இந்த டப்பா உண்டாக்கி குடுக்குது. கரண்ட் கம்மிதான், ஆனா ஆன்ல இருக்கும்போது அந்த வால் முனையில விரல் பட்டுச்சுன்னா சுள்ளுனு ஒண்ணு விடும், பட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

கார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடியே ஷீட்ட டேபிள்ல வச்சு ஒரு 12 வோல்ட் பேட்டரியில குடுத்து எரிய விட்டுப் பாருங்க. எல்லாத்தையும் மாட்டி மூடினப்புறம் ஒரு ஓரம் மட்டும் இருட்டா இருந்தா மறுபடி முதல்ல இருந்து பிரிக்கணும். இன்வெர்ட்டர ஷீட் மாட்டாம தனியா ஓட விடாதீங்க, லோடு இல்லாம ஓடினா சில டப்பா அப்படியே போயிரும்.

இப்ப முக்கியமான விஷயம். பேட்டரிய கழட்டுறதுக்கு முன்னாடி சாவிய ஆன்ல வச்சு மீட்டர நேருக்கு நேரா ஒரு போட்டோ, ஆஃப் பண்ணிட்டு இன்னொரு போட்டோ எடுத்துக்கோங்க. பெட்ரோல் முள்ளு, டெம்பரேச்சர் முள்ளு எல்லாம் எந்த கோட்டுல நிக்குதுன்னு தெளிவா தெரியணும், சாய்வா எடுத்தா பிரயோஜனம் இல்ல. நான் முதல் தடவ போட்டோ எடுக்காம, பெட்ரோல் முள்ளு சாவி ஆஃப்ல காலி கோட்டுல தானே நிக்கும்னு நினைச்சு நேரா கோட்டு மேலயே மாட்டிட்டேன், உண்மையில அந்த கார்ல அது கோட்டுக்குக் கொஞ்சம் கீழ போய் படுத்துக்கும். விளைவு என்னன்னா, கொஞ்சம் இருக்குன்னு மீட்டர் சொல்லும்போதே வண்டி நடுரோட்டுல நின்னுருச்சு. ரிசர்வ் லைட் எரியலையான்னு கேப்பீங்க, எரிஞ்சிருக்கு, ஆனா புது ஷீட்ட ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தேன், அதுல லைட்டோட ஜன்னல் மூடிப் போச்சு. ஈ.எல். ஷீட்டோட பின்பக்கம் வெளிச்சத்த விடாது, அதனால இஞ்சின் லைட், ஏபிஎஸ், ஏர்பேக், ஆயில் லைட்னு ஒவ்வொரு ஜன்னலும் கரெக்டா மேல வந்து உக்காரணும்.

போட்டோ எடுத்தாச்சுன்னா சாவிய வெளிய எடுத்துட்டு பேட்டரி நெகட்டிவ் டெர்மினல கழட்டுங்க. ஏர்பேக் உள்ள கார்னா ஒரு பத்து நிமிஷம் சும்மா இருங்க, அதுல கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும். அப்புறம் ஸ்டியரிங்க முழுசா கீழ இறக்கி, மீட்டர சுத்தி இருக்கிற ட்ரிம்ம பிளாஸ்டிக் நெம்புகோலால மெதுவா கிளப்புங்க, ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினா டேஷ்போர்டுல பல்லுப் பதியும். மீட்டர பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ மூணோ நாலோ இருக்கும், எடுத்துட்டு மீட்டர கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு பின்னாடி கனெக்டரோட லாக்க அமுக்கி எடுங்க. பழைய கார்ல ஸ்பீடோமீட்டர் கேபிளும் இருக்கும், அத மறந்து இழுத்துறாதீங்க. ஒண்ணு சொல்லணும், மீட்டர் வெளிய இருக்கும்போது பேட்டரிய மாட்டி சாவிய போட்டுப் பாக்காதீங்க, ஏர்பேக் லைட் எரிய ஆரம்பிச்சு அப்படியே நின்னுரும், அத அணைக்க ஸ்கேனர் தேட வேண்டி வரும்.

முன்பக்க கண்ணாடி கிளிப்புல தான் நிக்கும். எடுத்ததும் கிளவுஸ் போட்டுக்கோங்க, ஃபேஸ்ல விரல் ரேகை பட்டா நைட்ல பளிச்சுன்னு தெரியும். கண்ணாடின்னு சொன்னாலும் அது பிளாஸ்டிக், தின்னர் கிட்டயே கொண்டு போகாதீங்க, மைக்ரோ ஃபைபர் துணி போதும்.

சில ஷீட்ல நடு ஓட்டையில இருந்து ஒரு வெட்டு இருக்கும், முள்ளு மேலயே நுழைச்சு விட்டுரலாம், அப்படி வந்தா முள்ள தொடவே வேணாம், அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க. இல்லன்னா எடுக்கத்தான் வேணும். அதுக்கு முன்னாடி முள்ளு நிக்கிற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சில்ல கோடு போடுங்க. முள்ளு ஒரு குட்டி ஆணி மேல சாஞ்சு நிக்கிற டைப்புன்னா, அத லேசா தூக்கி ஆணிய தாண்டி விடுங்க, அப்ப அது சுதந்திரமா எங்க போய் விழுதோ அந்த இடத்ததான் குறிக்கணும், ஆணி மேல நிக்கிறத இல்ல. திரும்ப மாட்டும்போது அந்த விழுந்த இடத்துலயே மாட்டிட்டு அப்புறம் தூக்கி ஆணி மேல வைக்கணும்.

எடுக்கிறதுக்கு ரெண்டு டீ ஸ்பூன். ஃபேஸ் மேல ஒரு அட்டைய போட்டு, முள்ளோட மூடிக்கு ரெண்டு பக்கமும் அடியில ஸ்பூன் முனைய வச்சு, ரெண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்துல அமுக்குங்க, டப்புன்னு நேரா மேல வந்துரும். கையால திருகி இழுத்தீங்கன்னா உள்ள இருக்கிற மோட்டரோட தண்டு வளையும், இல்ல பல் சக்கரம் போகும்.

புது ஷீட்டுக்கு டபுள் சைடு டேப் ஓரத்துல மட்டும், கம்மியா. பட்டை வால பின்னாடி விடும்போது மடிக்காம வளைச்சு விடுங்க, ஒரு தடவ மடிப்பு விழுந்தா அந்த ஷீட் அவ்வளவுதான். ஈ.எல். ஷீட் கொஞ்சம் தடியா இருக்கும், பழைய ஆழத்துக்கே முள்ள அமுக்கினா ஃபேஸ்ல உரசி ஒட்டிக்கும், அதனால கீழ ரெண்டு விசிட்டிங் கார்ட மடிச்சு வச்சு அது மேல படுற மாதிரி அமுக்கிட்டு கார்ட உருவிருங்க, இடைவெளி சரியா வந்துரும்.

ஸ்டெப்பர் மோட்டர் மீட்டர்னா, அதாவது முள்ள சின்னச் சின்ன ஸ்டெப்பா நகத்துற மோட்டர் இருக்கிற மீட்டர்னா, இன்னும் நிம்மதி. முள்ளு இல்லாமலே மீட்டர கார்ல கனெக்ட் பண்ணி, அப்புறம் பேட்டரிய மாட்டி சாவி ஆன் பண்ணுங்க, மோட்டர் தானா ஜீரோவுக்கு வந்து நிக்கும், அப்ப ஸ்பீடு முள்ள ஜீரோல மாட்டுங்க, பெட்ரோல் முள்ள சாவி ஆன்ல எடுத்த போட்டோவுல இருந்த கோட்டுல மாட்டுங்க.

ஒயரிங்னா, இன்வெர்ட்டரோட சிவப்பு ஒயர் பார்க் லைட் ஃபியூஸ் பக்கம், நடுவுல 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு, கருப்பு நல்ல பாடி எர்த்துல. மீட்டர் பல்புக்கு வர்ற ஒயர்ல இருந்து எடுக்காதீங்க, வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற கம்பெனி டிம்மர் கரண்ட துண்டு துண்டா வெட்டி அனுப்புற கார்ல ஷீட் மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். கிட்லயே டிம்மர் இருந்தா அதையே யூஸ் பண்ணி பிரைட்னஸ்ஸ கம்மியா வச்சுக்கோங்க, பாஸ்பர் எரிய எரிய மங்கிட்டே போகும், ஃபுல்லா வச்சா இன்னும் சீக்கிரம்.

எல்லாம் மாட்டினதும் ஜிபிஎஸ் ஆன் பண்ணி, பக்கத்துல ஒருத்தர பாக்கச் சொல்லி 40, 60, 80ல சீரா ஓட்டுங்க. மீட்டர் கொஞ்சம் கூட காட்டுனா பயப்படாதீங்க, கம்பெனியிலயே அப்படித்தான் வைப்பாங்க. ஐ.நா.வோட 39ஆம் நம்பர் விதிப்படி, மீட்டர் உண்மையான ஸ்பீட விட கம்மியா காட்டவே கூடாது, கூட காட்டுறது 10 சதவீதமும் அதுக்கு மேல மணிக்கு 4 கிலோமீட்டரும் வரைக்கும் பரவாயில்ல. ஒரு கிலோமீட்டர் கம்மியா காட்டுனாலும் கண்ணாடிய திறந்து முள்ள மறுபடி மாட்டுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

ரேடியோ ஆஃப்ல இருக்கும்போது டேஷ்போர்டுக்குள்ள கீச்சுன்னு மெல்லிசா ஒரு சத்தம் கேக்கும், அது இன்வெர்ட்டர். டப்பாவ ஃபோம்ல சுத்தி ஒயர் கட்டோட சேத்து கட்டிட்டா பாதி அடங்கிரும், மீதி பாதி எனக்கு ரெண்டு வாரத்துல பழகிருச்சு, வீட்டுக்காரிக்குத்தான் இன்னும் பழகல.