மூளைப் படத்தில் வெண்திட்டு: நாங்கள் செய்த தவறுகள்

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு ஸ்கேன் நிலையத்தில் அண்ணனுக்கு முதல் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அவருக்கு வயது 43. ‘வயதுக்கேற்ற சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்’ என்று அறிக்கையின் கடைசி வரி சொன்னது. நிம்மதியாக வீடு திரும்பினோம். 43 வயதில் அப்படி என்ன வயதுக்கேற்ற மாற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூளையின் சிறு ரத்தக்குழாய்களைக் கெடுக்கும் கடாசில் என்ற பரம்பரை நோய் அது என்று தெரிவதற்குள் மூன்று ஆண்டுகள் வீணாயின.

எழுபது வயதைத் தாண்டியவரின் மூளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்புள்ளிகள் இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தால் இன்னும் கூடுதலாக இருக்கும். இவை எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு இரு பக்கமும் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தால் கதை வேறு. வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றைப் பார்த்த கையோடு பரம்பரைக் காரணத்தையும் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

‘வெள்ளை’ என்ற சொல்லே ஏமாற்றும். படத்தில் வெள்ளையாக இருப்பதால் மூளையில் ஏதோ கூடுதலாக வளர்ந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். நடந்தது நேர்மாறு. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை அழிந்த இடத்தில் நீர் கூடுகிறது. ஃபிளேர் என்ற எம்.ஆர்.ஐ. வகையில் அந்த இடம் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். சி.டி. ஸ்கேனில் அதே இடம் கறுத்துத் தெரியும். இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ‘அன்றைக்குக் கறுப்பு, இன்றைக்கு வெள்ளை, குணமாகி வருகிறது’ என்று சொன்ன அறிவாளி நான்தான்.

பெரிய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப்போவது அடுத்த தவறு. திட்டு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதில்தான் துப்பு கிடைக்கிறது. அதற்குப் படங்கள் பதிந்த குறுந்தகடு வேண்டும். பழைய ஸ்கேன்களும் வேண்டும். நாச்3 மரபணுக் கோளாறால் வரும் கடாசில் நோயில் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலின் முன்நுனி வெளுத்திருப்பது நரம்பியல் மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். சிஎஸ்எஃப்1ஆர் மரபணுக் கோளாறில் முன்மூளையின் வெண்பொருள் குறைகிறது, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலம் மெலிகிறது. அதில் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவுகளும் உண்டு. அவை எம்.ஆர்.ஐ.யில் எளிதில் தப்பிவிடும், மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி.யில் தெரியும். ‘எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, சி.டி. எதற்கு, பணம் பறிக்கிறார்களா?’ என்று சண்டை போடும் முன் காரணம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு எங்கள் வாயில் இருந்தது. ‘குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா?’ என்று கேட்டார்கள். இல்லை என்றோம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினோம். தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். ஐம்பது வயதில் ஒரு பக்கம் கை கால் விழுந்தது. பழி சுரங்கத்தின் மேல் போயிற்று. பெரியப்பா நடை தள்ளாடி, பேச்சுக் குழறி இறந்தார். குடி என்றார்கள். அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க ஒற்றைத் தலைவலி. வலி வருமுன் கண்ணில் மின்னல் பூச்சிகள் பறக்கும் என்பார். தாத்தாவையும் அவர் பிள்ளைகளையும் ஒரே தாளில் எழுதியிருந்தால், நான்கு கதையும் ஒரே கதை என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருப்பார்கள். கடாசில் இப்படித்தான் ஆளுக்கொரு முகம் காட்டும். ஆகவே நோயின் பெயரைத் தேடாதீர்கள். யார், எந்த வயதில், நடை, பேச்சு, நினைவு, குணம் இவற்றில் எது மாறியது என்று எழுதிக்கொண்டு போங்கள். ஊரில் இருக்கும் வயதான அத்தையிடம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், பாதி கிடைத்துவிடும்.

‘நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே’ என்பது நம்மவர்களின் இன்னொரு சமாதானம். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் தோன்றும் நோய்களின் வாய்ப்பைக் கூட்டும். கடாசிலுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் பழுதுபட்ட ஒரு பிரதியே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு.

வெண்திட்டைப் பார்த்ததும், உடலின் நோய் எதிர்ப்பே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முடிவுகட்டி நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இறங்குவதும் நடக்கிறது. குடும்பக் கதை பொருந்தவில்லை என்றால் மறுபடி கேட்கலாம், மருத்துவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பரம்பரை என்றதும் கைவிரிப்பதும் தவறு. சிறுவயதில் கண்புரை, ஓயாத வயிற்றுப்போக்கு, குதிகால் நாணில் வீக்கம் இருந்தவர்களுக்குக் கொலஸ்டனால் என்ற கொழுப்புப் பொருள் உடலில் சேரும் பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்குக் கீனோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். வாலிப வயதில் கால் விறைத்துப்போகும் ஆண்களுக்கு ஏபிசிடி1 மரபணுக் கோளாறு இருந்தால் அட்ரினல் சுரப்பியும் பழுதாகலாம். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கடாசிலுக்கு அப்படி ஒரு மாத்திரை இல்லை. ஆனால் புகைப்பதை நிறுத்துவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அண்ணன் கையில்தான் இருக்கின்றன. சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் கோப்பை மூடிவிடாதீர்கள். எஃப்எம்ஆர்1 மரபணுவில் டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப நீளும் கோளாறு வழக்கமான எக்ஸோமில் தெரியாது. பேரனுக்கு அறிவு வளர்ச்சிக் குறை, தாத்தாவுக்குக் கை நடுக்கம், இரண்டுக்கும் அதே மரபணு காரணமாக இருக்கலாம்.

அண்ணன் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் இப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நாங்கள் துடித்தோம். மரபணு ஆலோசகர் மறுத்துவிட்டார். சிறுவயதில் சிகிச்சை எதையும் மாற்றப்போகாத சோதனை இது, 18 ஆன பிறகு வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும் என்றார். அண்ணி அன்று முழுவதும் பேசவில்லை. மகள் மட்டும் ஓசூர் சாலை நெரிசலில் ஆட்டோவில் உட்கார்ந்து, “சித்தப்பா, 18 ஆனாலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா?” என்று கேட்டாள்.