சாவி கசிந்த பிறகு செய்யும் தவறுகள்

தரவைப் பூட்டவும் திறக்கவும் உதவும் குறியாக்கச் சாவி வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் முதலில் தோன்றுவது, புதுச் சாவி போட வேண்டும் என்பதுதான். போடத்தான் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி வெறும் இரும்புத் துண்டு. இங்கே அப்படியில்லை. பழைய சாவியால் பூட்டிய கோப்பின் நகல் திருடியவனிடம் இருந்தால், நாம் எத்தனை முறை சாவி மாற்றினாலும் அந்த நகல் பழைய சாவிக்குத் திறந்துகொள்ளும்.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரியவந்த ஹார்ட்பிளீட் (Heartbleed) என்ற மென்பொருள் குறையை நினைத்துப் பாருங்கள். இணைய இணைப்பைக் குறியாக்கம் செய்யச் சர்வர்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் (OpenSSL) மென்பொருளின் 1.0.1 பதிப்பு வெளிவந்த 2012 மார்ச்சிலிருந்தே அது உள்ளே இருந்தது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை வெளியாள் படிக்கலாம். வழக்கமான பதிவுகளில் தடயமும் விழாது. சர்வர் ரகசியமாக வைத்திருக்கும் தனிச் சாவியே இப்படிச் சிக்குமா என்று பலருக்குச் சந்தேகம் இருந்தது. கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் ஒரு சர்வரை வைத்து, இதன் சாவியை எடுத்துக் காட்டுங்கள் என்று சவால் விட்டது. சில மணி நேரத்திலேயே வெளியாட்கள் எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

அப்போது நடந்த தவறுகள் இன்றும் நடக்கின்றன. மென்பொருளைச் சரிசெய்துவிட்டுச் சாவியை மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. ஓட்டையை அடைப்பதற்கு முன்பே சாவியை மாற்றினால் புதுச் சாவியும் அதே வழியில் போய்விடும். இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைப் புதிதாக வாங்கி, அதைப் பழைய சாவியின் மேலேயே ஒட்டிக்கொண்டவர்கள். தேதி புதிது, சாவி பழையது. பழைய சான்றிதழை ரத்து செய்ய மறப்பதும் உண்டு. ரத்து செய்தாலும் முழுதாக நம்ப முடியாது. ரத்துப் பட்டியலைச் சரிபார்க்க முடியாதபோது பல உலாவிகள் இணைப்பை அனுமதித்தே விடுகின்றன.

அன்று பல சர்வர்களில் ஆர்எஸ்ஏ (RSA) சாவிப் பரிமாற்றம் இருந்தது; ஒவ்வொரு இணைப்பின் சாவியும் சர்வரின் அதே நிரந்தரச் சாவியை நம்பியே அனுப்பப்படும் முறை அது. அதில், யாராவது முன்பே பதிவு செய்து வைத்திருந்த இணையப் போக்குவரத்தையும் பின்னால் கிடைத்த சாவியால் படித்துவிடலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் தற்காலிகச் சாவி உருவாக்கினால் இந்த ஆபத்து இல்லை. இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் (TLS) நெறிமுறையின் 2018இல் வந்த 1.3 பதிப்பு, அந்தப் பழைய ஆர்எஸ்ஏ முறையையே நீக்கிவிட்டது. உங்கள் சர்வரில் அது இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிளவுடில் தரவு வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுகிறார்கள். அங்கே தரவைப் பூட்டுவது ஒரு சாவி. அந்தச் சாவியைப் பூட்டுவது தலைமைச் சாவி. தானாகச் சாவி மாற்றும் வசதியை இயக்கினால் மாறுவது தலைமைச் சாவி மட்டுமே. தரவுச் சாவி அப்படியே இருக்கும், ஏற்கெனவே பூட்டிய தரவும் தொடப்படாது. கசிந்தது தரவுச் சாவி என்றால் தரவைத் திறந்து புதுச் சாவியால் மறுபடி பூட்டியே ஆக வேண்டும். பேக்கப்புகளையும் சேர்த்து. இந்த வேலை முடியுமுன் பதற்றத்தில் பழைய சாவியை அழித்துவிடாதீர்கள். தரவு உங்களுக்கே திறக்காமல் போய்விடும்.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) சாவியைத் தவறுதலாக ஏற்றிவிட்டு, அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த மாற்றப் பதிவில், நீக்குகிறவர்களும் இதே வரிசைதான். வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதினாலும், அதற்குள் நகலெடுத்தவர் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சாவி போய்விட்டது என்றே கொள்ளுங்கள்.

2022இல், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் சேவையான லாஸ்ட்பாஸின் (LastPass) பயனர்களுடைய பூட்டிய பெட்டகங்களின் பேக்கப் நகல் திருடுபோனது. இணையதள முகவரிகள் அதில் பூட்டப்படாமலே இருந்தன. பலர் தலைமைக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியானார்கள். திருடுபோன நகலோ பழைய கடவுச்சொல்லில்தான் நிற்கிறது; அது பலவீனமானது என்றால் திருடன் தன் கணினியில் ஆற அமர ஊகித்துக்கொண்டே இருக்கலாம். மாற்ற வேண்டியிருந்தது பெட்டகத்துக்குள் இருந்த கடவுச்சொற்களை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், சர்வர் எனத் தொடங்கி ஒவ்வொன்றாக.

மாற்ற முடியாதவையும் உள்ளே இருக்கும்: பிறந்த தேதி, கைரேகை, மருத்துவ அறிக்கை. அவற்றைத் தொழில்நுட்பத்தால் திரும்பப் பெற வழியில்லை. அவை யாருடையவையோ அவர்களிடம், எது போனது, எந்தச் சாவியோடு போனது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.