பினாங்கு ஜார்ஜ்டவுனை நடந்தே படிப்பது எப்படி?

1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இங்கே துறைமுகம் அமைத்ததும் சீனர், மலாய்க்காரர், தமிழர், ஆர்மீனியர், ஆச்சே வணிகர் எல்லாரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினார்கள். அவர்களில் பலரின் வழிபாட்டிடங்களை இன்றும் ஒரே தெருவையொட்டி வரிசையாகப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள்.

1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தெற்கே நடங்கள். முதலில் வருவது சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

அடுத்து பலர் தவறவிடுவது 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைத்தான். இந்தச் சாலையில் தெரிவது அதன் பின்புறம். மார்க்கெட் தெருவில் இடப்பக்கம் திரும்பி, குயின் தெருவுக்குப் போனால்தான் ராஜகோபுரம். நண்பகலில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

பிறகு சூலியா தெரு. பெயரே தமிழ் முஸ்லிம் வணிகர்களுடையது. கிங் தெரு முனையில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு தர்கா இருக்கிறது. சிறியது, ஆனால் நம்மவர்கள் தவறவிடக் கூடாதது. அங்கிருந்து திரும்பி வந்தால் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் (கப்பித்தான்) காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தொழுகை நேரத்தையும் வெள்ளி மதியத்தையும் தவிருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

நடக்கும்போது, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையைக் கவனியுங்கள். பல வீடுகள் இன்று விடுதிகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முழுமையாக நீங்கியதும் பழைய குடிகள் வெளியேறினார்கள். 2008-இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கட்டடங்களைக் காத்தது, குடியிருந்தவர்களை அல்ல.