ஜம்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லையா? பிரிப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டியைக் கிளப்ப உதவுகிற, பேட்டரி வைத்த பெட்டிதான் ஜம்ப் ஸ்டார்ட்டர். அது வேலை செய்யவில்லை என்றதும் நிறைய பேர் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். "செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் பல பெட்டிகளுக்கு உள்ளே ஒன்றுமே ஆகியிருக்காது. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடந்திருக்கும், இல்லை சார்ஜர் தப்பாக இருக்கும், இல்லை கோளாறே காரில் இருக்கும். உண்மையிலேயே உள்ளே கெட்டுப்போன பெட்டியைத்தான், அதுவும் லித்தியம் என்றால், பிரிக்கவே கூடாது. ஆனால் நடப்பது தலைகீழ். நல்ல பெட்டியைப் பிரித்துக் கெடுக்கிறார்கள், கெட்ட பெட்டிக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மார்கழி விடியற்காலையில் ஓசூர், தளி பக்கம் இருக்கிற குளிரில் பழைய பேட்டரி செல்ஃப் எடுக்காது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வண்டி நின்றால் இறங்கி உதவி கேட்க ஆள் இருக்காது, யானை நடமாட்டம் உள்ள இடம் வேறு. அந்த நேரத்தில் டிக்கியிலிருந்து எடுக்கிற பெட்டி வேலை செய்தே ஆக வேண்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். கைப்பிடி வைத்து, தூக்கினால் ஏழெட்டு கிலோ கனத்து, தடித்த கேபிள் பெட்டியோடு சேர்ந்தே இருந்தால் அது ஈய-அமில பேட்டரி, பெரும்பாலும் 12 வோல்ட் 17 அல்லது 18 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). ஒரு கையில் அடங்குகிற அளவில், கேபிளைத் தனியாகச் செருகுவது போல இருந்தால் லித்தியம். லித்தியத்திலும் இரண்டு உண்டு: மூன்று செல் தொடராக வைத்து முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டுவது ஒன்று, நான்கு செல் வைத்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரோ எங்கேயோ சொன்ன வைத்தியத்தை எல்லாவற்றுக்கும் செய்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. ஈய-அமிலப் பெட்டியை வீட்டிலேயே சரிசெய்யலாம். லித்தியத்தில் நீங்கள் தொடக்கூடியது வெளியே இருக்கிற கேபிளும் சார்ஜரும் மட்டும்தான் என்பது என் கருத்து.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசியில் தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம், டேஷ்போர்டு அதைவிடச் சுடும். பேட்டரிக்குப் பொதுவான கணக்கு, வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது. ஈய-அமிலத்தில் சும்மா இருக்கும்போதே சார்ஜ் கசிகிற வேகமும் அதே போல இரட்டிப்பாகும். அதனால் கோடை முழுக்க பெட்டியை காரிலேயே போட்டு வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் வெளியே எடுத்து "ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன், அதற்குள் போய்விட்டது" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. வெயில் காலத்தில் வீட்டில் வையுங்கள், வெளியூர் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துப் போகிற நாளில் டேஷ்போர்டு மேலோ பின் கண்ணாடி அடியிலோ வைக்காமல் சீட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லித்தியத்துக்கும், மாதம் ஒருமுறை ஈய-அமிலத்துக்கும் சார்ஜ் போட்டால் போதும்.

சரி, கேபிள் மாட்டியாயிற்று, வண்டி எடுக்கவில்லை. உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது டக் டக் டக் என்று வேகமாக அடித்தால் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு டக் மட்டும் கேட்டு நின்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டைச் சந்தேகப்பட வேண்டும். சத்தமே இல்லையென்றால் டெர்மினல், சாவி சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர் நிலை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் அதன் மேலேயே கிளிப்பை மாட்டுவது வீண் வேலை. அந்த உப்பு கரண்டை விடாது. வீட்டில் ஆப்ப சோடாவை வெந்நீரில் கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ரோட்டில் நிற்கும்போது சோடா இல்லையென்றால், கிளிப்பை டெர்மினல் மேல் இரண்டு மூன்று முறை அழுத்தித் திருகினாலே கிளிப்பின் பல்லுக்கு உலோகம் கிடைத்துவிடும். கறுப்புக் கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத கனமான இரும்புப் பாகத்தில் மாட்டுவது நல்லது. காரணம், சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் இப்படி மாட்டும்போது அந்த வயரையும் தாண்டிவிடலாம். வண்டி எடுத்ததும் கறுப்பை முதலில் கழற்றுங்கள். தாமதிக்க வேண்டாம், டைனமோ ஓடத் தொடங்கியதும் 14 வோல்டுக்கு மேல் அனுப்பும், அது சின்ன லித்தியம் பெட்டிக்குள் திரும்பிப் போவது நல்லதல்ல.

செல்ஃபை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பதும் பெரிய தவறு. மூன்று நான்கு வினாடி அடியுங்கள், எடுக்கவில்லையென்றால் அரை நிமிடமாவது விடுங்கள். தொடர்ந்து அடித்தால் லித்தியம் செல் சூடாகும், கேபிளின் பிளாஸ்டிக் இளகும், செல்ஃப் மோட்டாரும் கருகும்.

இன்னொரு விஷயத்தை மெக்கானிக்குகளே தவறவிடுவதைப் பார்க்கிறேன். புதிய லித்தியம் பெட்டிகளின் கேபிளில் நடுவில் ஒரு சின்னக் கட்டை, அதில் பச்சை சிவப்பு விளக்கு இருக்கும். அதற்குள் தானாகத் திறந்து மூடும் சுவிட்சாக ரிலேயோ டிரான்சிஸ்டரோ வைத்திருப்பார்கள். கிளிப் முனையில் பேட்டரி இருக்கிறது, பிளஸ் மைனஸ் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது கரண்டைத் திறக்கும். இது தெரியாமல் சும்மா இருக்கிற கிளிப்பில் மல்டிமீட்டர் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதே, பெட்டி காலி என்று முடிவு கட்டுகிறார்கள். பெட்டியில் கேபிள் செருகும் சாக்கெட்டில் அளந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அங்கே நேரடியாக செல்லின் வோல்டேஜ் கிடைக்கும். அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, வெல்டிங் அளவுக்குப் பொறி வரும். மூன்று செல் பெட்டியில் 12 வோல்டுக்கு மேல் இருந்தால் பெட்டியில் சார்ஜ் இருக்கிறது; காரில் சரியாக மாட்டியும் கரண்ட் வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளில். அந்தக் கேபிள் தனியாகவே விற்கிறது. மாறாக, எதிலும் மாட்டாதபோதே கிளிப் முனையில் வோல்டேஜ் வந்துகொண்டிருந்தால், ரிலேயோ டிரான்சிஸ்டரோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் கேபிளைத் தூக்கி எறியுங்கள்.

கார் பேட்டரி ஒரேயடியாக இறங்கியிருந்தால் கட்டைக்கு அது தெரியாது, பச்சை விளக்கும் வராது. அதற்காகத்தான் பூஸ்ட் பட்டன், பேட்டரி தெரியாவிட்டாலும் அது கரண்டைத் திறந்துவிடும். ஆனால் அதை அழுத்தியதும் பெரும்பாலான பெட்டிகளில் தலைகீழ் மாட்டினால் தடுக்கும் பாதுகாப்பு நின்றுவிடும். ஆகவே எடுத்ததுமே பூஸ்ட் அழுத்தும் பழக்கம் வேண்டாம். சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

தொப்பூர் கணவாய் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர் யாராவது உதவி கேட்டால் மனசு கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டுவோம். லாரி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக வைத்திருப்பார்கள். 12 வோல்ட் பெட்டியை அந்த இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து இரு கடைசி முனைகளில் மாட்டினால் லாரி கிளம்பாது, உங்கள் பெட்டி புகையும். டிராக்டர் பெரும்பாலும் 12 வோல்ட்தான், இருந்தாலும் பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

வாங்கும்போது ஏமாறுவதும் பிறகு "ரிப்பேர்" என்று தோன்றும். அட்டையில் 10,000 எம்ஏஎச் (அதாவது 10 ஏஎச்) என்று போட்டிருப்பது ஒரு செல்லின் 3.7 வோல்ட் கணக்கில். அதாவது 37 வாட்-அவர். 11.1 வோல்டில் பார்த்தால் மூன்றேகால் ஆம்பியர்-அவர் சொச்சம்தான். "பீக் 1000 ஆம்பியர்" என்பதும் கண் சிமிட்டும் நேரத்துக்கு வருவது. சின்ன பெட்ரோல் காருக்கு இது போதும், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு ஓடுகிற பழைய டீசல் பிக்கப்புக்குப் போதாது. அது பெட்டியின் கோளாறு இல்லை, பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சார்ஜ் ஏறவில்லை என்ற புகாருக்கு வருவோம். லித்தியம் பெட்டியில் டைப்-சி வாய் இருந்தால், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாமல், பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் ஏறுகிற மலிவு மாடல்கள் நிறைய உண்டு. சார்ஜரோடு பேசிக்கொள்ள வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை உள்ளே வைக்காமல் விட்டிருப்பார்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு எதுவும் தேவைப்படாது. ஈய-அமிலப் பெட்டியில் வேறு கதை. கூட வந்த சார்ஜர் தொலைந்ததும் வீட்டில் கிடக்கிற செட்-டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகுகிறார்கள். முனை பொருந்துகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் 12 வோல்ட் அடாப்டரால் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை நிரப்ப முடியாது, 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை வேண்டும். பேட்டரி கால் வயிறு நிரம்பி அப்படியே நின்றுவிடும், உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். இதற்கு நேர் எதிராக 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை நேராகக் கொடுத்து பேட்டரியைக் கொதிக்க வைப்பவர்களும் உண்டு. பெட்டியின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

ஈய-அமிலப் பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்வது எளிது. முழுக்க சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் அளங்கள். 12.7 பக்கம் இருந்தால் நல்லது. 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகம். அப்புறம் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடி அளங்கள். எரியும்போதே 12க்கு மேல் நின்றால் பேட்டரியில் பலம் இருக்கிறது. மடமடவென்று இறங்கினால் பேட்டரி மாற்ற வேண்டியதுதான். பெட்டியில் இருக்கிற விளக்குகளை நம்பாதீர்கள், சுமை இல்லாதபோது செத்த பேட்டரியும் நாலு விளக்கு காட்டும்.

மாற்றும்போதுதான் அடுத்த தவறு. யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போடுகிறார்கள். அதன் தகர நாக்கு போன்ற முனை சில பத்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. பழைய பேட்டரியின் மேல் எழுதியிருக்கிற ஏஎச்சும், போல்ட் போட்டு முறுக்குகிற முனையும், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும். நட்டை நன்றாக முறுக்குங்கள், தளர்வாக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அந்த இடம்தான் உருகும். உள்ளே ஃபியூஸ் போயிருந்தால் வயர் இழையைச் சுற்றி வைக்காதீர்கள், அதே ஆம்பியர் ஃபியூஸ் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டி திறந்திருக்கும்போதே கிளிப்பையும் பாருங்கள். தாடையின் ஒரு பக்கத்துக்குத்தான் கேபிள் வரும், மறுபக்கத்துக்கு ஒரு செம்புப் பின்னல் போகும். அது அறுந்திருந்தால் பாதிப் பிடிதான் கிடைக்கும். செல்ஃப் அடிக்கும்போது கிளிப்புக்கும் உள்ளே இருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் அரை வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கேபிள் அழுத்திய இடத்தில் பச்சை பிடித்திருக்கும்.

லித்தியம் பெட்டியில் இதையெல்லாம் முயலாதீர்கள். லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல்களைப் போட்டு "ரீபில்ட்" செய்கிறேன் என்கிறார்கள். அந்த செல்கள் சில ஆம்பியர் கொடுக்கவே செய்யப்பட்டவை, செல்ஃப் கேட்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். பல மாதம் காலியாகக் கிடந்து செல் ஒன்று 2 வோல்டுக்குக் கீழே போனதை வேறு பேட்டரியால் தட்டி எழுப்புவது இன்னும் ஆபத்து. அந்த அளவுக்கு இறங்கும்போது உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது, மறுபடி சார்ஜ் போடும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, ராத்திரி எல்லோரும் தூங்கும்போது தீப்பிடிக்கலாம். பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை மறுப்பது உங்களைக் காப்பாற்றத்தான், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

உப்பியிருந்தால் பேச்சே இல்லை. அமுக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சாக்கெட் வாயை இன்சுலேஷன் டேப்பால் மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில், எரியாத தரையில் வைத்துவிட்டு, பேட்டரியோ எலக்ட்ரானிக் கழிவோ வாங்குகிற அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு, அதனால் வாங்கிய கடையிலும் கேட்கலாம். ஈய-அமில பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பழசுக்கு விலை கழித்துக்கொள்வார்கள். லித்தியத்துக்குக் காசு கிடைக்காது என்பதற்காகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.