சிறுநீர்ப்பை வலிக்கு ஸ்டெம் செல்: பணம் கட்டும் முன் நடக்கிற தவறுகள்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுக் கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்து, "இந்த ஸ்டெம் செல் நீர்ப்பை வலிக்கு நல்லதா?" என்பார்கள். சமீப காலமாக இது அதிகம். வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) கிளினிக்கில் இருந்த காலத்தில் பார்த்த அதே தவறுகளைப் புதிதாக வலி வந்தவர்களும், அவர்களுக்காக போனில் தேடித் தருகிற பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அடக்கி வைப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

என்ன நோய் என்று தெரியும் முன்பே செல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

நான் இங்கே பேசுகிற நீர்ப்பை வலியின் பெயர் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ், கிருமி இல்லாமலே நீர்ப்பை வலிக்கிற நோய். பை நிறைய நிறைய வலி கூடும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும், ராத்திரியும் தூங்க விடாது. 6 வாரத்துக்கு மேல் இப்படி இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரை வைப்பார்கள். அந்த 'வேறு காரணம்' பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்: நீர்ப்பைக் காசநோய், கல், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), புகை பிடிக்கிறவர்களுக்கு வருகிற நீர்ப்பைப் புற்று, இளவட்டங்கள் என்றால் கெட்டமின் போதைப்பழக்கம். இதில் எதை ஸ்டெம் செல் சரிசெய்யும்? புற்று இருக்கிற நீர்ப்பையில் வளர்ச்சியைத் தூண்டும் செல்லை ஊற்றுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற ஓர் அக்கா. 'நீர்க்கடுப்பு' என்று போகிற இடமெல்லாம் ஆண்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பிக் கிருமி வளர்கிறதா என்று பார்த்ததாக ஒரு தாளும் அவரிடம் இல்லை. அப்புறம் மருமகனின் நண்பர் சொல்லி கோலாலம்பூரில் ஒரு சென்டருக்குப் போனார். ஈ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) ஃபிளெக்சிபல் கணக்கில் இருந்தது, அடகு வைத்த சங்கிலி, எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி (ரிங்கிட்). கையில் ட்ரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தீர்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் வலி குறைந்தது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், மிக மோசமான நேரத்தில்தான் எல்லாரும் ஊசிக்கு ஓடுவார்கள், அதனால் அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் குறைந்த மாதிரிதான் தெரியும். வலி திரும்பி வந்ததும் சென்டர் சொன்னது: "இரண்டாவது டோஸ் போட வேண்டும்."

இரண்டாவது டோஸுக்குப் பணம் இல்லாமல் போனதுதான் அவருக்கு நல்லதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டோஸ்கோபி, அதாவது கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை, செய்தபோது நீர்ப்பைச் சுவரில் ஹன்னர் புண் இருந்தது. 1915-இலேயே விவரிக்கப்பட்ட புண் அது. மயக்கம் கொடுத்து அந்தப் புண்ணைச் சுட்டுவிட்டார்கள். அந்தப் புண் மறுபடி வரலாம், மறுபடி சுட வேண்டியும் வரலாம், ஆனால் இப்போது அக்கா ராத்திரி தூங்குகிறார். நரம்பில் ஏற்றிய செல்கள் முதலில் போய் மாட்டுவது நுரையீரலின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில். நீர்ப்பைக்கு எத்தனை போய்ச் சேர்ந்தது என்று அந்த சென்டரே சொல்ல முடியாது.

"வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள்" என்பதை நம்புவது

எலிகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, அது உண்மை. மனிதர்களில்? தென் கொரியாவில் செய்து 2022-இல் வெளியிட்ட முதல் கட்ட ஆய்வில், கருவிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்கள், தலைக்கு 2 கோடி, ஹன்னர் புண் உள்ளவர்களின் நீர்ப்பைச் சுவரிலேயே குத்திப் பார்த்தார்கள். பக்கவிளைவு வருகிறதா என்பதுதான் கேள்வி. பெரிதாக எதுவும் வரவில்லை. சேர்ந்தவர்கள் 3 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. இதை வைத்துக்கொண்டு கையில் ட்ரிப் ஏற்றுவதற்கு எப்படிச் சான்று காட்டுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"என் சொந்தக் கொழுப்புதானே, என்ன ஆகிவிடும்?"

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக் 3 பெண்களின் சொந்தக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் என்று எடுத்ததைக் கண்ணில் ஊசியாகப் போட்டது. அவர்களுக்குப் பார்வை போயிற்று. 2017-இல் மருத்துவ இதழில் வந்தது.

பணம் கட்டி ஆராய்ச்சியில் சேர்வது

முறையான ஆராய்ச்சியில் நோயாளியிடம் ஊசிக்குப் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் என்று விற்கிற சாஷே (பொட்டலத் தூள்) வாங்கிக் குடிப்பது

வயிறு செரித்துவிடும். அவ்வளவுதான்.

சுவரில் தொங்குகிற சான்றிதழைப் படிக்காமல் தலையாட்டுவது

விளம்பரத்தில் இருக்கிற கே.கே.எல்.ஐ.யு. எண் அந்த விளம்பரத்துக்குக் கிடைத்த அனுமதி. லேப்புக்குக் கிடைத்த ஜி.எம்.பி. சான்று, செல்லைத் தயாரிக்கும் முறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு. இரண்டுமே உங்கள் வலி குறையும் என்று சொல்லவில்லை. மலேசியாவில் செல் சிகிச்சைப் பொருட்களை தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. கண்காணிக்கிறது, 2021 ஜனவரி 1 முதல் அந்த விதிமுறை அமலில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பொருள் நீர்ப்பை வலிக்கு என்.பி.ஆர்.ஏ.வில் பதிவானதா, இல்லை அனுமதி பெற்ற ஆய்வா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். ஊசி போடுகிறவர் உண்மையிலேயே யூராலஜி நிபுணரா என்பதையும் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் தட்டிப் பார்க்கலாம், காசு ஆகாது.

மற்றதையெல்லாம் தூக்கிப் போடுவது

'ஸ்டெம் செல் போடப் போகிறேன்' என்று முடிவு செய்தவுடன் கையில் இருக்கிற மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், நீர்ப்பைக்குள் மருந்து விடுவது, இதெல்லாம் பேச்சுக்குக் கவர்ச்சியாக இல்லை, ஆனால் பலருக்கு வேலை செய்கிறது. இடுப்புத்தளத் தசையைத் தளர்த்துகிற பிசியோதெரபியும் அப்படித்தான்: 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அந்தச் சிகிச்சை பெற்ற பெண்களில் 59 சதவீதம் பேருக்குப் பலன், சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம்தான். யூடியூப் பார்த்து கீகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடிப்பது) செய்யாதீர்கள், ஏற்கெனவே இறுகிய தசையை அது இன்னும் இறுக்கும். கோப்பி, ஆசாம் (புளி), மிளகாய் மூன்றையும் ஒன்றாக நிறுத்திவிட்டுப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றாக நிறுத்தி, எது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே பொருள் வலியைக் கிளப்புவதில்லை.

ஊசி போட்டுக்கொண்ட பிறகு மறைப்பது

திட்டுவார்கள் என்று யூராலஜி டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். எந்த செல், யாருடையது, எவ்வளவு, என்றைக்கு, உடம்பில் எங்கே குத்தினார்கள் என்று சென்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். தரவில்லை என்றால் ரசீதையாவது எடுத்துப் போங்கள். ஏற்கெனவே செல் ஊசி போட்டவர்களைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை, நாளைக்கு முறையான ஆய்வு ஒன்று இங்கேயே வந்தாலும் முதல் பக்கத்தில் அதைத்தான் கேட்பார்கள்.