பொம்மை மோனோ ரயில் பாதியில் நிற்கிறதா?

பேட்டரியில் ஓடும் மோனோ ரயில் பொம்மையை வாங்கியதும் பிள்ளைகள் மெத்தை மேலேயே தண்டவாளத்தை மாட்டத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு தூண் லேசாகச் சாய்ந்தாலும் பெட்டி கவிழ்ந்துவிடும். டைல்ஸ் தரைதான் சரி.

முதலில் மேடு பள்ளமில்லாத ஒரு சின்ன வட்டம் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். நகம் இடறும் இடத்தில்தான் ரயிலும் இடறும். அது சுற்றி வந்த பிறகு மேடு, பாலம் எல்லாம் கட்டலாம்.

மேட்டில் திணறினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். சாதா ஏஏ பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி பெரும்பாலும் 1.2 வோல்ட்தான். இரண்டு போடும் பொம்மையில் 3 வோல்ட் 2.4 ஆகிவிடும். மேடு ஏற, ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரி நல்லது. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

அப்புறம், சக்கர அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும். எங்கள் வீட்டில் பாதி 'ரிப்பேர்' அதுதான்! சின்ன இடுக்கியால் எடுத்தால் போதும்.

எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.